சின்ன ஊரின் சொந்தப் போலீஸ்: அமெரிக்காவில் உருவாக்குவதும் கலைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் காஃபி சிட்டி என்று ஓர் ஊர். ஜனத்தொகை 250 சொச்சம், போலீஸ்காரர்கள் 50 பேர். 2023 செப்டம்பரில் ஊர்க் கவுன்சில் கூடி, அந்தப் படையை அப்படியே கலைத்துவிட்டது. கமிஷனர், எஸ்.பி., கோட்டையிலிருந்து வரும் உத்தரவு என்று பழகிய நமக்கு இது விசித்திரம். பேரூராட்சி மன்றம் கூடி உள்ளூர் காவல் நிலையத்தை இழுத்து மூடினால் எப்படி இருக்கும்! அங்கே அது நடக்கிற காரியம். எப்படி நடக்கிறது, எந்தச் சட்டத்தில் நடக்கிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

அமெரிக்காவில் மொத்தம் எத்தனை போலீஸ் துறைகள்?

மத்திய அரசின் அமைப்புகளை விட்டுவிட்டு எண்ணினாலே 17,500-ஐத் தொடும். அதில் நகரம், டவுன், கிராமம் என்று உள்ளாட்சிகள் நடத்துபவை ஏறக்குறைய 12,000. நியூயார்க் மாதிரி ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் துறைகள்தான் நம் கண்ணுக்குப் படுகின்றன. ஆனால் இந்த 12,000-இல் கிட்டத்தட்ட பாதியில் முழுநேரக் காவலர்கள் பத்துப் பேர்கூடக் கிடையாது. ஒரு சீஃப் (தலைமை அதிகாரி), இரண்டு அதிகாரிகள், ஒரு பகுதிநேரக்காரர், இரண்டு கார் என்று ஓடுகிற துறைகள் ஏராளம்.

ஷெரிஃப் வேறு, போலீஸ் வேறா?

வேறுதான். ஷெரிஃப் கவுன்டிக்கு, அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதிக்கு, உரியவர். பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி அது. ஊர்ப் போலீஸின் சீஃபை மேயரோ கவுன்சிலோ நியமிக்கிறார்கள். ஊருக்குத் தனிப் போலீஸ் இல்லையென்றால் அந்த ஊர் ஷெரிஃபின் பொறுப்பில் விழும். சில மாநிலங்களில் மாநிலப் போலீஸின் பொறுப்பில். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபம். ஒரு துறையைக் கலைத்ததும் அந்த ஊர் போலீஸே இல்லாத ஊராகிவிடுவதில்லை. வேறு சட்டையில், கொஞ்சம் தொலைவிலிருந்து, வேறொருவர் வருவார்.

அப்படியானால் இறுதி அதிகாரம் யாருக்கு? ஊருக்கா, மாநிலத்துக்கா?

மாநிலத்துக்கு. ஊர் என்ற உள்ளாட்சியே மாநிலச் சட்டத்தின் பிள்ளை. அயோவா நீதிபதி ஜான் டில்லன் 1868-இல் சொன்னது இதுதான்: மாநிலம் எதைக் கொடுத்ததோ அது மட்டுமே ஊரின் அதிகாரம். 1907-இல் பிட்ஸ்பர்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், உள்ளாட்சியின் எல்லையை மாற்றவும் இன்னொன்றோடு சேர்க்கவும் இல்லாமலே ஆக்கவும் மாநிலத்தால் முடியும் என்றது. பின்னாளில் பல மாநிலங்கள் தங்கள் அரசியல் சாசனத்தில் ஊர்களுக்குத் தன்னாட்சி உரிமை எழுதிக் கொடுத்தன. அதனால் இன்று மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு.

நடைமுறையில் மாநிலங்கள் ஓர் ஊரைப் பார்த்து ‘உன் போலீஸைக் கலை’ என்று பெரும்பாலும் நேரடியாகச் சட்டம் போடுவதில்லை. துறைக்குப் பணம் வரும் குழாயைத்தான் திருகுகின்றன. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கான பதில் அந்தக் குழாயைச் சுற்றித்தான்.

புதிதாக ஒரு போலீஸ் துறை தொடங்க என்ன வேண்டும்?

நீண்ட காலம் ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். டெக்சாஸின் உள்ளாட்சிச் சட்டத்தில் 341-ஆம் அத்தியாயம் ஊர்களுக்குப் போலீஸ் படை அமைக்கும் அதிகாரம் தருகிறது. கவுன்சில் தீர்மானம், பட்ஜெட்டில் ஒரு வரி, மாநில உரிமம் பெற்ற அதிகாரிகள். அவ்வளவுதான். இந்த ஊருக்கு இது தேவையா, ஐந்து வருஷம் தாங்குமா என்று பார்த்துத் தடுக்க ஆள் இருக்கவில்லை. காவலருக்கு உரிமம் உண்டு. துறைக்குத் தகுதி என்று பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

2023-இல் டெக்சாஸ் சட்டமன்றம் செனட் மசோதா 1445-ஐ நிறைவேற்றியது. ஒரு துறையைத் தொடங்கவும் தொடர்ந்து நடத்தவும் குறைந்தபட்சத் தரம் என்னவென்று மாநிலக் காவல் ஆணையம் வகுக்க வேண்டும் என்றது அது. இதனால் மக்களுக்கு என்ன பயன், நிலையான நிதி உண்டா, கட்டடமும் வண்டியும் கருவிகளும் இருக்கின்றனவா, நடத்தை விதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பவை அந்தத் தரத்தில் அடங்கும். படித்தால் ‘இதெல்லாம் இத்தனை நாள் கட்டாயமாக இல்லையா?’ என்று தோன்றும். இல்லை.

காஃபி சிட்டியில் அப்படி என்னதான் நடந்தது?

ஹூஸ்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்று தோண்டி எடுத்த கதை. 250 பேருக்கு 50 போலீஸ் என்பதே ஒரு வேடிக்கை. அதில் பாதிக்கு மேற்பட்டோர் முந்தைய வேலைகளில் இடைநீக்கமோ பதவியிறக்கமோ பணிநீக்கமோ ஆனவர்கள் என்பது வேடிக்கையில்லை. சிலர் அந்த ஊருக்கே வராமல், 300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் ஹூஸ்டனிலிருந்து வாரன்ட் வேலை பார்த்தார்கள். ஒரே வருஷத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டிக்கெட்கள், அதாவது அபராதச் சீட்டுகள், எழுதியிருந்தார்கள். நீதிமன்ற அபராதமாக வந்தது 10 லட்சம் டாலருக்கு மேல். செய்தி வெளிவந்து சில வாரங்களில் கவுன்சில் சீஃபை நீக்கியது; துறையையும் கலைத்தது.

வேறெங்கும் வேலை கிடைக்காத அதிகாரிக்கு இந்த மாதிரி ஊர்தான் அடைக்கலம். அவரிடம் உரிமம் இருக்கிறது, பேட்ஜ் கொடுக்க ஒரு துறை வேண்டும். ஊருக்கோ மலிவாக ஆள் வேண்டும். இரண்டு தேவையும் சந்திக்கிற இடம் இது.

கலைப்பதற்கு என்ன நடைமுறை?

பல இடங்களில் கவுன்சிலின் பெரும்பான்மை ஓட்டு போதும். துறையை உருவாக்கிய உள்ளூர்ச் சட்டத்தை ரத்து செய்வார்கள், அல்லது பட்ஜெட்டில் அந்தத் தலைப்புக்குப் பூஜ்யம் போடுவார்கள். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் தொடங்கி ஒன்பதுக்குள் முடிந்த கலைப்புகள் உண்டு.

ஆனால் எல்லா மாநிலமும் அவ்வளவு இலகுவாக விடுவதில்லை. விஸ்கான்சினில் ஒரு நகரம் தன் போலீஸைக் கலைக்க வேண்டுமென்றால், நகரம் முழுவதையும் கவனிக்க ஷெரிஃபோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்ற வகையில் சட்டம் இருக்கிறது. மாற்று ஏற்பாடு இல்லாமல் பூட்டுப் போட முடியாது. நல்ல விதி, இன்னும் பல மாநிலங்களில் இருந்தால் தேவலை.

லூசியானா தனிக் கதை. 1898-இல் வந்த லாரசன் சட்டத்தின் கீழ் நடக்கும் சிற்றூர்களில் போலீஸ் சீஃபே மக்கள் ஓட்டில் வருபவர். அவரை மேயர் நீக்க முடியாது, கவுன்சிலும் நீக்க முடியாது. ‘எங்கள் ஊரில் சீஃபை நியமனப் பதவியாக்குங்கள்’ என்று ஓர் ஊர் விரும்பினால் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய் மசோதா கொண்டுவர வேண்டும். அந்தச் சட்டப் பிரிவைத் திறந்தால் விதிவிலக்குப் பெற்ற ஊர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். சீஃபை நீக்க முடியாத கவுன்சிலின் கையில் மிஞ்சுவது பணப்பை. சம்பளத்தைக் குறை, ஆளைக் குறை, பெட்ரோலைக் குறை. கிராம அரசியல் எங்கும் ஒன்றுதான்.

மாநிலச் சட்டமன்றமே தலையிட்டுக் கலைக்கப் பார்த்ததுண்டா?

உண்டு. சின்ன ஊர் அல்ல, கவுன்டி போலீஸ்; ஆனாலும் சட்டச் சிக்கலைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். ஜார்ஜியாவின் கிளின் கவுன்டியில் 2020 பிப்ரவரியில் அகமுட் ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞர், ஓடிக்கொண்டிருந்தபோது துரத்திச் சுடப்பட்டார். இரண்டு மாதத்துக்கும் மேல் கைது எதுவும் இல்லை. ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்திருந்த கவுன்டி போலீஸைக் கலைக்கலாமா என்று மக்களிடமே பொதுவாக்கெடுப்பு வைக்கச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. ஆளுநர் கையெழுத்தும் போட்டார். தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் நிறுத்திவிட்டது. போலீஸ் சேவை மாநில அரசியல் சாசனம் கவுன்டிக்குக் கொடுத்த அதிகாரம், சட்டமன்றம் அதில் நுழைய முடியாது என்பது வாதம். மேலே சொன்ன தன்னாட்சி உரிமை இப்படித்தான் குறுக்கே வந்து நிற்கும்.

ஓர் ஊர் போலீஸே வைத்துக்கொள்ளாமல் இருக்கலாமா?

தாராளமாக. பென்சில்வேனியாவில் 2,500-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள். அவற்றில் ஏறத்தாழ பாதிக்கு முழுநேரக் காவல் மாநிலப் போலீஸிடமிருந்துதான் வருகிறது, அதுவும் கட்டணமில்லாமல். எல்லாம் மலைக்காட்டு ஊர்கள் என்று நினைக்க வேண்டாம். 40,000 பேருக்கு மேல் வசிக்கும் ஹெம்ப்ஃபீல்ட் டவுன்ஷிப்புக்கும் சொந்தப் போலீஸ் கிடையாது.

பக்கத்து ஊர்க்காரருக்கு எரிச்சல் வருமா வராதா? அவர் சொத்து வரியில் தன் ஊர்ப் போலீஸுக்கும் கொடுக்கிறார், மாநில வரியில் அடுத்த ஊர் போலீஸுக்கும் கொடுக்கிறார். 2017-இல் ஆளுநர் டாம் வுல்ஃப், இப்படி முழுக்க மாநிலப் போலீஸையே நம்பும் ஊர்கள் ஆளுக்கு 25 டாலர் வீதம் கட்டட்டும் என்றார். பிறகு ஊரின் அளவுக்கு ஏற்ற கட்டணம் என்று மாற்றிப் பார்த்தார். எதுவும் சட்டமாகவில்லை. இலவசமாகக் கிடைப்பதற்கு விலை போடும் மசோதாவுக்கு ஓட்டுப் போட எந்த உறுப்பினர் வருவார்?

‘எனக்குப் போலீஸ் பாதுகாப்பு கொடு’ என்று குடிமகன் வழக்குப் போட முடியாதா?

மத்திய அரசியல் சாசனத்தை வைத்து ஏறக்குறைய முடியாது. கொலராடோவின் காசில் ராக் டவுனில், பிரிந்த கணவர் பிள்ளைகளைக் கடத்திப் போய்விட்டார் என்று ஒரு தாய் மீண்டும் மீண்டும் போலீஸைக் கூப்பிட்டார். கையில் நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு இருந்தது. போலீஸ் அசையவில்லை, மூன்று பெண் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், உத்தரவைப் போலீஸ் அமல்படுத்தியே தீர வேண்டும் என்ற உரிமை அவருக்கு அரசியல் சாசனத்தின்படி இல்லை என்றது. இருக்கிற போலீஸுக்கே இதுதான் நிலை என்றால், இல்லாத போலீஸைக் கேட்டு எங்கே போவது?

சரி, ஏன் கலைக்கிறார்கள்?

சொல்லப்படும் காரணம் ஊருக்கு ஊர் மாறும்.

ஆள் கிடைக்காமல்: மினசோட்டாவின் குட்ஹியூ, 1,300 பேர் வாழும் ஊர். மணிக்கு 22 டாலர் சம்பளத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சீஃப் கவுன்சிலிடம் சொன்னார். 2023 ஆகஸ்டில் அவர் ராஜினாமா செய்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அங்கே யாரும் கலைக்கவில்லை, தானாகக் காலியானது. ஷெரிஃப் வந்தார்.

காப்பீடு கிடைக்காமல்: கலிபோர்னியாவின் மேவுட். போலீஸ் மேல் வழக்குக்கு மேல் வழக்கு வந்து, காப்பீடு ரத்தாகி, 2010-இல் நகரம் போலீஸை மட்டுமல்ல, எல்லா ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு இருக்கும் இந்த அதிகாரம் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சட்டமன்றம் பத்து வருஷம் விவாதிப்பதை ஒரு பாலிசி ரத்துக் கடிதம் ஒரே மாதத்தில் முடித்துவிடும்.

மானம் போய்: அலபாமாவின் வின்சென்ட். ஓர் அதிகாரி அனுப்பிய இனவெறிக் குறுஞ்செய்தி 2022-இல் வெளியே வந்தது. கவுன்சில் துறையையே கலைத்து, ஷெரிஃபிடம் உதவி கேட்டது.

இன்னொரு காரணமும் அடியில் ஓடுகிறது. 1994-இன் மத்தியக் குற்றவியல் சட்டம் ஒரு லட்சம் புதிய போலீஸ் என்ற வாக்குறுதியோடு வந்தது. அதன்கீழ் வரும் நியமன மானியம், ஒரு காவலரின் அடிப்படைச் சம்பளச் செலவில் பெரும்பங்கை மூன்று வருஷத்துக்குக் கொடுக்கும். நான்காவது வருஷம் முழுச் சம்பளமும் ஊர் தலையில். அந்த வருஷம்தான் கவுன்சிலுக்கு நெடுஞ்சாலை ஞாபகம் வரும்.

நெடுஞ்சாலையா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எல்லாச் சம்பந்தமும் அங்கேதான். அபராதப் பணம் வருவது அந்தச் சாலையில் போகும் வண்டிகளிடமிருந்து. ஃப்ளோரிடாவில் யூ.எஸ். 301 என்ற சாலை. அதன் மேல் வால்டோ, பக்கத்தில் ஹாம்ப்டன்.

வால்டோ 1,000 பேர் ஊர். சில மைல் தூரத்துக்குள் வேக வரம்பு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். 65 மைல் வேகத்தில் வந்துகொண்டிருப்பவர், பலகையைக் கவனித்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் அடுத்த பலகை வந்துவிடும். வண்டிக்காரர்கள் சங்கமான ‘ட்ரிபிள் ஏ’ அங்கே விளம்பரப் பலகை வைத்தே எச்சரித்தது. 2014 ஆகஸ்டில் வால்டோ போலீஸ்காரர்களே கவுன்சில் கூட்டத்தில் எழுந்து, 12 மணி நேர ஷிஃப்டுக்கு 12 டிக்கெட் எழுதச் சொல்லி சீஃப் நிர்பந்திக்கிறார் என்றார்கள். அடுத்த மாதமே கவுன்சில் துறையைக் கலைத்தது. 2015-இல் ஃப்ளோரிடா சட்டமன்றம் டிக்கெட் இலக்கு வைப்பதைத் தடை செய்தது. போலீஸ் நடத்தும் செலவில் 33 சதவீதத்துக்கு மேல் டிக்கெட் வருமானமாக வந்தால் சட்டமன்றத் தணிக்கைக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

ஹாம்ப்டன் இன்னும் ருசி. 477 பேர். ஊருக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே நல்ல இடைவெளி. 1990-களில் அந்தச் சாலையின் 1,260 அடியை மட்டும் ஊரோடு இணைத்துக்கொண்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஊர் சாலையை நோக்கிக் கை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் துண்டில்தான் ராடாரோடு போலீஸ் உட்கார்ந்தது. அப்படி வந்த பணத்துக்கும் கணக்கில்லை. மாநிலத் தணிக்கை 31 குற்றச்சாட்டுகளை அடுக்கியது. 2014-இல் சட்டமன்ற உறுப்பினர்கள் ஊரையே கலைத்துவிடுவோம் என்றார்கள். கடைசியில் போலீஸ் போனது, பொறுப்பில் இருந்தவர்கள் போனார்கள், அந்த 1,260 அடியையும் ஊர் கைவிட்டது. ஊர் பிழைத்தது.

அபராத வருமானத்துக்கு வரம்பு வைக்கும் சட்டங்கள் எந்தெந்த மாநிலத்தில்?

சில முக்கியமானவை மட்டும்.

மிசூரியில் 1995-இலேயே வந்துவிட்டது. மேக்ஸ் கிரீக் என்ற குட்டி ஊரின் வேகப் பொறியால் எரிச்சலடைந்து போட்ட சட்டம் என்பதால் அந்த ஊர்ப் பெயரே சட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. முதலில் வருமானத்தில் 45 சதவீதம் என்று இருந்த வரம்பு பின்னர் 30-க்கு இறங்கியது. 2014-இல் அதே மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு மத்திய நீதித்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை, அந்த நகரம் தன் மக்களை எப்படி வருமான மூலமாக நடத்தியது என்று புட்டுப்புட்டு வைத்தது. 2015-இல் செனட் மசோதா 5 வரம்பை 20 சதவீதமாக்கியது. சிற்றூர்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் செயின்ட் லூயிஸ் கவுன்டிக்கு மட்டும் 12.5. அங்குள்ள போலீஸ் துறைகள் தரச்சான்று பெற்றாக வேண்டும் என்றும் சொன்னது. ஒரு கவுன்டியை மட்டும் குறிவைத்த சட்டம் என்று 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிகளை அடித்துவிட்டது. எல்லோருக்கும் 20 என்று நின்றது.

டெக்சாஸில் 5,000 பேருக்குக் குறைந்த ஊர், போக்குவரத்து அபராதத்தில் தன் முந்தைய ஆண்டு வருமானத்தின் 30 சதவீதம் வரைதான் வைத்துக்கொள்ளலாம். மீதி மாநிலக் கஜானாவுக்கு. சட்டம் பழையது. காஃபி சிட்டி காலத்திலும் அது புத்தகத்தில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்லஹோமா வேறு வழி பிடித்தது. வருமானத்தில் பாதிக்கு மேல் டிக்கெட்டிலிருந்து வந்தால், மாநில, மத்திய நெடுஞ்சாலைகளில் டிக்கெட் எழுதவே அந்த ஊருக்குத் தடை விதிக்கலாம். பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட இது கூர்மையான ஆயுதம் என்பது என் எண்ணம்.

அலபாமாவில் புரூக்சைட் என்ற 1,253 பேர் ஊர்; சில்லறைக் கடை என்றால் ‘டாலர் ஜெனரல்’ என்ற மலிவு விலைக் கடை ஒன்றே ஒன்று. 2018-க்கும் 2020-க்கும் நடுவே அபராதம், பறிமுதல் வருமானம் 640 சதவீதம் ஏறி, ஊர் வரவில் பாதியானது. ஏ.எல்.காம் பத்திரிகையாளர்கள் 2022-இல் இதை வெளியிட்டதும் சீஃப் பதவி விலகினார். அவர்களுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு. அதே 2022-இல் சட்டமன்றம் போக்குவரத்து அபராத வரவுக்கு ஊர் பட்ஜெட்டில் 10 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது.

போலீஸால் ஓர் ஊரே இல்லாமல் போனதுண்டா?

உண்டு, ஒஹாயோவின் நியூ ரோம். கொலம்பஸ் நகரத்தை ஒட்டி மூன்று தெரு அளவு கிராமம். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 60 பேர். போலீஸோ ஒரு டஜனுக்கு மேல். வெஸ்ட் பிராட் தெருவில் 45 மைல் வேகம் ஊர் எல்லையில் திடீரென்று 35 ஆகும். வேகத்தில் சிக்காதவர் காலாவதியான நம்பர் பிளேட்டிலோ எரியாத விளக்கிலோ சிக்குவார். அபராதம் போவது மேயரே நீதிபதியாக உட்காரும் ‘மேயர் கோர்ட்’டுக்கு. அப்படி வந்த பணமும் உள்ளேயே காணாமல் போனது.

2003-இல் ஒஹாயோ சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. 150 பேருக்குக் குறைந்து, உருப்படியான பொதுச் சேவை எதுவும் தராமல், தணிக்கையில் முறைகேடு தெரிந்த கிராமத்தைக் கலைக்க மாநில அட்டர்னி ஜெனரல் நீதிமன்றம் போகலாம். பெயர் சொல்லாமல் நியூ ரோமுக்கென்றே தைத்த சட்டை. 2004-இல் நீதிபதி கலைப்புக்கு உத்தரவிட்டார். பிற்பாடு, 200 பேர் வரை உள்ள ஊர்களில் மேயர் கோர்ட்டே கூடாது என்றும் ஒஹாயோ சட்டம் கொண்டுவந்தது.

ஷெரிஃபோடு ஒப்பந்தம் போட்டால் செலவு குறையுமா?

பெரும்பாலும் குறையும். தனி சீஃப், தனிக் காப்பீடு, தனி வண்டி, சாட்சியப் பொருள்களுக்குத் தனி அறை எல்லாம் மிச்சம். இந்த முறைக்கு முன்னோடி கலிபோர்னியாவின் லேக்வுட். 1954-இல் நகரமானபோதே சொந்தப் போலீஸ் வேண்டாம் என்று லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஷெரிஃபிடம் சேவையை விலைக்கு வாங்கியது. அதைப் பார்த்துப் பல நகரங்கள் அப்படியே செய்தன. கனெக்டிகட்டில் மாநிலப் போலீஸ்காரர் ஒருவரையே ஊரோடு இருக்கச் செய்து, செலவின் பெரும்பகுதியை ஊரிடம் வாங்கும் ஏற்பாடு 1940-களிலிருந்து உண்டு.

குறைவது செலவு மட்டுமல்ல. வாரத்துக்கு இத்தனை மணி நேர ரோந்து என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். மற்ற நேரத்தில் கூப்பிட்டால், கவுன்டியின் மறுகோடியில் விபத்துக் கவனிக்கும் டெபுடி (ஷெரிஃபின் காவலர்) வந்து சேர எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு நேரம்தான். அடுத்த வருஷம் ஷெரிஃப் விலையை ஏற்றினால் பேரம் பேச ஊருக்குப் பிடி இல்லை. பழைய கார்களை அதற்குள் ஏலத்தில் விற்றிருப்பார்கள்.

கலைத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

சட்டப்படி தடையில்லை. நடப்பில் கடினம். கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரம் 2000-இல் தன் போலீஸைக் கலைத்தது. திரும்பக் கொண்டுவரும் பேச்சு அடிக்கடி எழும், இன்னும் ஷெரிஃப்தான்.

கலைந்துபோன துறை எனக்கு எழுதிய டிக்கெட் செல்லுமா?

துறை கலைந்ததால் மட்டும் டிக்கெட் செத்துவிடாது. அது நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கு. ஊரின் நீதிமன்றமும் மூடப்பட்டால் வழக்குகள் வேறு நீதிமன்றத்துக்கு மாறும். ஆகவே ‘அந்தப் போலீஸே இல்லையே’ என்று தாளைக் கிழித்துப் போட வேண்டாம். ஆஜராகாததற்கு வாரன்ட் வந்தால் அது புதுத் தலைவலி. மறுத்து வாதாடினால் எழுதிய அதிகாரி சாட்சிக்கு வர வேண்டும். அவர் வராவிட்டாலோ, அவர் நம்பகத்தன்மையே அடிபட்டிருந்தாலோ வழக்கு நிற்பது கஷ்டம். புரூக்சைட் விவகாரத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் போலீஸ் போட்ட வழக்குகள் பல தள்ளுபடியானது அப்படித்தான். டிக்கெட்டில் இருக்கும் நீதிமன்றத்தின் பெயரைப் பார்த்து, அது இல்லையென்றால் கவுன்டி நீதிமன்ற அலுவலகத்துக்குப் போன் போட்டு, வழக்கு எங்கே போனது என்று கேட்டுவிடுங்கள்.